மார்கழியில் உட்கார்ந்துகொண்டு கோடைத் தோட்டத்தை நினைத்துக்கொண்டிருப்பது நான் மட்டும்தானா?

மாடிமல்லி (காரைக்குடி)

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விட்டு விட்டுப் பெய்தது, மார்கழி பிறந்த பிறகும் வானம் முழுசாக வெளிவாங்கவில்லை. மழை வேண்டாம் என்று சொல்லவில்லை, நம் ஊரில் அப்படிச் சொன்னால் வாயைக் கழுவ வேண்டும். ஆனால் மாடியில் வரிசையாக இருக்கும் மல்லித் தொட்டிகளைப் பார்க்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இலை வெளிறிப்போய், தொட்டி விளிம்பெல்லாம் பாசி படிந்து, மொட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. வெண்டை முடிந்து பிடுங்கியாகிவிட்டது. கத்தரி நிற்கிறது, அவ்வளவுதான், நிற்கிறது. பூக்கடையில் மல்லி முழம் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் கழுத்துச் சங்கிலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போதைக்கு எனக்கு ஆறுதல் கைப்பேசியில் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதத்துப் படங்கள்தான். ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். ஒரு படத்தில் எவர்சில்வர் தாம்பாளம் நிறைய மொட்டு, பக்கத்தில் நனைத்து வைத்த வாழைநார், தாம்பாளத்து ஓரத்தில் எங்கள் ஆத்தாவின் கை மட்டும் தெரிகிறது. கொப்புடையம்மன் கோவில் செவ்வாய்த் திருவிழாச் சமயம் அது. அந்த வாரம் பறித்துக் கட்ட ஆள் போதாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தோம், வீட்டுக்குப் போக மிச்சத்தை அம்மனுக்கு அனுப்பினோம், அப்படியும் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தட்டுப் பூ கிடந்து கிடந்து மோரில்கூட மல்லி வாசம் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்த மோரைக் குடிக்க முடியாமல் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். இன்றைக்கு ஒரு டம்ளர் கிடைத்தால் குடிப்பேன்.

என் மகள், "செடி மேல இருக்கு, நீங்க கீழ உக்காந்து படத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று கேலி செய்கிறாள். சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். செடி வளர்க்கும் மற்றவர்களும் இப்படிப் பழைய கோடையை எடுத்து வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறீர்களா? நீங்கள் நினைத்துப் பார்ப்பது எது? அப்புறம், இந்த மாதத்தில் மல்லிக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெறுமனே ஏங்கிக்கொண்டிருப்பதற்குக் கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது.


செம்புறாங்கல் (கோட்டையூர்)

படம் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் பூவை மட்டும் பார்க்காதீர்கள், நிழலையும் பாருங்கள். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன், கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மல்லித் தொட்டிகள் மாடியில் எந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கின்றன? தெற்குச் சுவர் என்றால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த இரண்டொரு நாளில் உச்சிப் பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடும், அன்றைக்குக் கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது. அதிலிருந்து ஆவணி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் இருக்கும். அதனால் கோடையில் தெற்குச் சுவரின் உட்பக்கம் முழு வெயில் வாங்கும், அங்கே வைத்த தொட்டி பூத்துக் கொட்டும். அதற்கப்புறம் சூரியன் தெற்கே இறங்க ஆரம்பித்து டிசம்பர் 21, 22 வாக்கில் கடைசி எல்லைக்குப் போய்விடும். அன்றைக்கு நடுப்பகலில்கூட அது 57 பாகை உயரத்தைத் தாண்டாது. மூன்றடிச் சுவர் என்றால் அந்த நேரத்திலேயே இரண்டடிக்கு வடக்கே நிழல் விழும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். சுவரை ஒட்டி நிற்கும் தொட்டிக்கு நாள் முழுக்க நிழல்தான். வைகாசியில் எது நல்ல இடமோ மார்கழியில் அதுவேதான் மோசமான இடம்.

அந்தத் திருவிழாப் படத்துக்கு முன்னும் பின்னும் மாடியில் எடுத்த படம் இருந்தால் பாருங்கள், தொட்டியின் நிழல் தொட்டிக்கு அடியிலேயே சுருங்கிக் கிடக்கும். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேகம் விலகினால் மேலே போய் அதே இடத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டுத் தொட்டிகளை மூன்றடி வடக்கே இழுத்து வையுங்கள்.

இலை வெளிறியதற்குக் குளிரைச் சொல்லாதீர்கள். காரைக்குடியில் இந்த மாதம் விடியற்காலையில் 20, 21 டிகிரிதான் இருக்கும், அது மல்லியை மந்தமாக்கும், கொல்லாது. பகல் நீளமும் ஆனி மாதத்தைவிட ஒரு மணி சொச்சம்தான் குறைவு. மொட்டு வராததற்கு மேகமும் இரவுக் குளுமையும் போதும், ஆனால் இலை மஞ்சளாவது வேர்க்கோளாறு. தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, போட்ட உரமும் மழையோடு கரைந்து போயிருக்கும். தொட்டியைத் தூக்கி இரண்டு செங்கல் மேல் வைத்து, அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுக் குத்திவிடுங்கள்.

எனக்கு நினைத்துப் பார்ப்பதற்குப் பின்வாசலில் ஒரு சரக்கொன்றை இருக்கிறது, சித்திரையில் இலையே தெரியாது, மஞ்சளாகத் தொங்கும். வருஷப் பிறப்பன்று தட்டில் வைக்கக் கொத்து கேட்டுத் தெருவே வரும். மீதி மாதங்களில் ஒருத்தரும் அந்த மரத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.


பள்ளத்தூரான் (எட்மன்டன், கனடா)

மார்கழியில் 21 டிகிரி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இங்கே இன்று காலை மைனஸ் 26. டிசம்பர் கடைசியில் பகல் என்பது ஏழரை மணி நேரம்தான், அதுவும் சூரியன் கூரை உயரத்தில் ஒரு ஓரமாக நடந்துவிட்டுப் போய்விடும். தோட்டம் என்று நான் சொல்லும் இடம் இப்போது வெள்ளையாக மூடிக் கிடக்கிறது, பாத்தி எங்கே, நடைபாதை எங்கே என்று எனக்கே தெரியாது. அக்டோபரில் ஊன்றிய பூண்டு அந்தப் பனிக்கு அடியில் படுத்திருக்கிறது, அது ஒன்றுதான் எனக்கு வெளியே இருக்கும் பயிர். பூண்டுக்கு இந்தக் குளிர் வேண்டும், இல்லாவிட்டால் பல் பிரியாது.

வீட்டுக்குள்ளே ஒரு கறிவேப்பிலை. தெற்கு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ஹீட்டர் காற்றில் தினமும் கொஞ்சம் இலையை உதிர்க்கும், உதிர்ந்ததை வீணாக்காமல் ரசத்துக்குப் போட்டுவிடுவேன். விருந்தாளிகள் யாராவது கொத்தாக ஒடிக்கப் போனால் என் மனைவி கையைப் பிடித்துவிடுவாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு இரண்டு கோடை இருக்கிறது. ஒன்று இந்த ஊர்க் கோடை. மே மாதம் நீண்ட வார விடுமுறை வந்த பிறகுதான் இங்கே நாற்றை வெளியில் வைப்பார்கள், அதற்கு முன்னால் வைத்தால் ஒரே ராத்திரி உறைபனியில் எல்லாம் கருகிவிடும். செப்டம்பர் நடுவில் மறுபடி உறைபனி. நடுவில் இருக்கும் அந்த நாலு மாதத்தில் ஊரே பைத்தியம் பிடித்து நட்டுக்கொண்டிருக்கும். ஜூனில் பதினேழு மணி நேரப் பகல், ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சத்தில் நின்று பட்டாணி பறித்திருக்கிறேன். பட்டாணியும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் பிரமாதமாக வரும். வெண்டைதான் வரமாட்டேன் என்கிறது, பகல் எவ்வளவு நீண்டாலும் ராத்திரி சில்லென்று ஆகிவிடுவதால் அதற்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் கூடாரம் போட்டு அதற்குள் வளர்த்து, அரிசி களைந்த தண்ணீரில் வைப்போமே நம் ஊர் மண்டிக் குழம்பு, அப்படி ஒரு மண்டிக்குத் தேறுகிற அளவுக்குக் காய் பறித்தேன். ஒரு மண்டி.

பக்கத்து வீட்டில் உக்ரைன் வழியில் வந்த ஒரு பாட்டி இருக்கிறார். ஆகஸ்டில் அவர் அடுப்படிப் பக்கம் போகவே முடியாது, தக்காளியும் வெள்ளரிக்காயும் சதகுப்பைப் பூவுமாக ஜாடி ஜாடியாக அடைத்து நிலவறையில் அடுக்குவார். ஜனவரியில் ஒரு ஜாடியைத் திறந்து எனக்கும் கொடுத்துவிட்டு, அந்தத் தக்காளி எந்தச் செடி, எந்த வாரம் காய்த்தது, அதற்கு முந்தின நாள் ஆலங்கட்டி மழை பெய்தது என்று ஆரம்பிப்பார். அவருக்கு இங்கிலீஷ் சரளமாக வராது, எனக்கு அவர் பாஷை வராது, ஆனால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கோடை பள்ளத்தூரில் இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், மைனஸ் 26-இல் நான் நினைப்பது இந்த ஊர் ஜூன் மாதத்தை இல்லை. மூன்றாம் கட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் சிமெண்ட் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து கையகல வாய்க்காலில் வாழைக்குப் போகும். வாய்க்காலை மண்ணை வெட்டி மாற்றிவிடுவது என் வேலை. காய்ந்த செம்மண்ணில் தண்ணீர் முதலில் தொடும்போது சத்தம் வரும், உறிஞ்சும் சத்தம், சின்னச் சின்னக் குமிழாக மேலே வரும். வெறும் காலை அதில் வைத்துக்கொண்டு நிற்பேன். வாழை நிறைந்து வழிந்த பிறகும் மாற்றாமல் நின்றதற்கு ஐயா முதுகில் ஒன்று வைப்பார். அதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஜனவரியில் விதைக் கம்பெனிகளின் புத்தகம் தபாலில் வரும். அதைப் புரட்டுவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்திருப்பேன்.


கிணத்தடி (தேவகோட்டைப் பக்கம்)

எல்லோரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நான் மட்டும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். எந்தக் கோடையைப் பற்றிப் பேசுகிறீர்கள்? போன சித்திரையில் எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. குடிக்கக் குடம் வரிசை, செடிக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர். கத்திரி வெயிலில் பந்தல் புடலை ஒரே மத்தியானத்தில் வாடித் தொங்கியது. மல்லியா? பூத்தது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதி மொட்டைப் புழு துளைத்து ஊதா நிறமாகிவிட்டது, இலைக்கு அடியில் செம்பேன் வலை பின்னியிருந்தது. மிச்சத்துக்கு மயில் வந்தது. மயிலைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்கள் யாரும் தக்காளி போட்டதில்லை என்று நினைக்கிறேன். இதெல்லாம் படத்தில் வராது, ஏனென்றால் அப்போது கையில் கைப்பேசி இருக்காது, குச்சி இருக்கும்.

எனக்கு இது தலைகீழ். கோடையில்தான் எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கிறது, அப்போது நான் நினைப்பது இந்த மார்கழியை. நம் சீமைக்கு வருஷ மழையில் பாதிக்குக் கிட்ட ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வந்தால்தான் உண்டு. கண்மாய் இன்றைக்குக் கரை தொட்டு நிற்கிறது, ஊருணியில் படி தெரியவில்லை. விடியற்காலையில் போனால் நெல் பால் பிடிக்கிற வாசம். வேலியில் அவரை, கூரைமேல் சுரை, குப்பைமேட்டில் பரங்கி, அதில் பூ பறித்துக் கோலத்துச் சாணி உருண்டையில் செருக எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குள் சண்டை. டிசம்பர் பூ பூத்துக் கிடக்கிறது, ஊதாவும் வெள்ளையும். வாசம் இல்லை என்று அதை யாரும் மதிப்பதில்லை, கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டினால் இந்த மாதத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? மாடிமல்லி ஆச்சி, ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலே வந்துவிடும், வந்தால் தருகிறேன்.

சரி, நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுப்படியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேப்பம்பூ இருக்கிறது. பங்குனிக் கடைசியில் ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடியும்போது சலித்த மாவாக உதிர்ந்திருக்கும், எறும்பு வருவதற்குள் அள்ளிவிட வேண்டும். மழை நாளில் அதை நெய்யில் கருக வறுத்து ரசத்தில் போடும்போது, இந்தக் கோடையை நான் மன்னித்துவிடுகிறேன்.


மூன்றாம்கட்டு (கானாடுகாத்தான்)

தம்பி கிணத்தடி, அந்த வேப்பம்பூ பாட்டிலைக் கடைசி வரியில் ஒளித்து வைத்துவிட்டுக் கோடையைத் திட்டினால் எப்படி?

எனக்குக் கைப்பேசியில் படமெல்லாம் பார்க்கத் தெரியாது, பேரன்தான் இதைத் தட்டித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல. எங்கள் வீட்டில் கோடை பூராவும் உக்கிராண அறையில் இருக்கிறது. மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய், கொத்தவரங்காய் வற்றல், மாவற்றல் என்கிற மாங்காய் வற்றல், ஊறுகாய் ஜாடி தனி. இப்போது ஆள் குறைந்துபோய் முன்னே செய்ததில் கால்வாசிகூடச் செய்வதில்லை. அப்பத்தா காலத்தில் சித்திரை, வைகாசியில் மாடி பூராவும் பாய் விரித்திருக்கும், பிள்ளைகளுக்குக் காக்கை விரட்டுவதுதான் லீவு வேலை. உட்கார்ந்தபடியே பாதி அரிசி வற்றலைப் பச்சையாகத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவோம்.

மோர்மிளகாய்க்கு நல்ல குண்டு மிளகாயாகப் பார்த்துக் காம்போடு எடுத்து, நுனியில் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறப் போட வேண்டும். பகலில் மோரை வடித்து வெயிலில் காய வைத்து, சாயந்திரம் சூடு ஆறுவதற்குள் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க மிளகாய்க்குள் போகிற வரைக்கும் இதேதான். கத்திரி வெயில் இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடும், அதனால்தான் அந்த வெயிலை நான் திட்டுவதில்லை. தோட்டத்து மிளகாய் என்றால் ஒன்றை வறுத்துக் கடித்ததும் இது கிணற்றோரத்துச் செடி, இது முருங்கையடிச் செடி என்று சொல்லிவிடுவேன். பேரன் நம்பமாட்டேன் என்கிறான். நம்ப வேண்டாம்.

நேற்று விடாத மழை, காய்க்காரர் வரவில்லை. மாவற்றல் எடுத்து ஊற வைத்து மண்டி வைத்தேன். பள்ளத்தூர்த் தம்பி மண்டி என்று சொன்னதால் எழுதுகிறேன், அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு உதவும். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும், அது கெட்டியாக இருக்க வேண்டும். அதில் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சைமிளகாய் வதக்கி, வெண்டைக்காய் இருந்தால் அதையும் போட்டு வதக்கி, வேக வைத்த மொச்சையும் மாவற்றலும் சேர்த்து, அந்தக் கரைசலை ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். கொதித்து எண்ணெய் மிதந்தால் இறக்கிவிடலாம். மாவற்றலுக்கே புளிப்பு இருப்பதால் புளியைக் குறைத்துப் போடுங்கள். அந்த மாங்காய் எங்கள் தோட்டத்து மரத்தில் பங்குனிக் காற்றில் உதிர்ந்தது. வளவு முற்றத்தில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அண்டாவில் விழுகிற சத்தத்தோடு அதைச் சாப்பிட்டோம்.

மாடிமல்லி, உன் ஆத்தா கையைப் படம் எடுத்தாயே, அது நல்ல காரியம். பூ கட்டின கையை யார் எடுக்கிறார்கள்?


பள்ளத்தூரான் (எட்மன்டன், கனடா)

ஆச்சி, இரண்டாம் தண்ணீர் என்பதை இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்க்கிறேன். மாவற்றலுக்கு இங்கே வழியில்லை, ஆனால் ஃப்ரீசரில் அந்தக் கூடாரத்து வெண்டைக்காய் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். பிள்ளையார் நோன்புக்கு இங்கே நாலைந்து குடும்பம் கூடுவோம், இந்த வருடம் இழை எடுத்துக்கொண்ட பிறகு, அதாவது 21 நூலிழைத் திரி ஏற்றிய மாவை வாயில் போட்டுக்கொண்ட பிறகு, சாப்பாட்டில் இந்த மண்டியும் இருக்கும்.

கிணத்தடி அண்ணே, மயில் கதை நிஜம்தான். இங்கே மயிலுக்குப் பதில் முயல். பட்டாணி முளைத்ததும் வரிசையாகக் கத்தரித்துவிட்டுப் போய்விடும். பனிக்காலத்தில் அதே முயல் வெள்ளையாக மாறி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது என் பெண்கள் அதற்கு காரட் வைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.


மாடிமல்லி (காரைக்குடி)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. செம்புறாங்கல் ஐயா சொன்னபடி மத்தியானம் மேலே போய்ப் பார்த்தேன். தெற்குச் சுவர்தான். எட்டுத் தொட்டியும் நிழலுக்குள் உட்கார்ந்திருக்க, மூன்றடி தள்ளி வெறுந்தரையில் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்கிறது! மகளையும் கூப்பிட்டு இழுத்து வைத்தாகிவிட்டது, செங்கல்லும் வைத்தோம். ஒரு தொட்டியைத் தூக்கும்போது அடியிலிருந்து கறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் வடிந்தது, துளையை வேர் அடைத்திருக்கிறது.

வைகாசிப் படங்களையும் திரும்பப் பார்த்தேன், நிழலுக்காக. ஒன்று கவனித்தேன், கிழக்கு மூலையில் இருந்த தொட்டிதான் எல்லாப் படத்திலும் அதிகமாகப் பூத்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் சாயந்திர வெயில் படாது. இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம் என்று இருக்கிறேன், எந்தத் தொட்டி எந்த மாதம் எங்கே என்று. மூன்றாம்கட்டு ஆச்சி, ஆத்தாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், "என் கை அவ்வளவு கறுப்பாவா இருக்கு படத்துல" என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

கிணத்தடி அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மல்லிக்குக் கவாத்து இப்போது செய்யலாமா, இல்லை தை பிறக்கட்டுமா? கார்த்திகையிலேயே வெட்டியிருக்க வேண்டும் என்று பூக்காரம்மா சொல்கிறார்.


கிணத்தடி (தேவகோட்டைப் பக்கம்)

பூக்காரம்மா சொல்வது சரிதான், தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அது மழை விட்ட இடத்துக்கு. அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கிக் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். நீங்கள் செய்ய வேண்டியது, வானம் வெளிவாங்கிச் சேர்ந்தாற்போல் ரெண்டு மூணு நாள் வெயில் அடிக்கட்டும். அதுவரை தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் இருப்பதையெல்லாம் வெட்டிவிடுங்கள், தொட்டிச் செடி என்பதால் ஒரு அடிக்கே கொண்டுவந்தாலும் பாதகமில்லை. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்பக்கம் போகிற கிளை எல்லாம் போகட்டும். மிச்சம் இருக்கும் இலையையும் உருவிவிடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், பார்க்காதீர்கள். மல்லி பழைய கிளையில் பூக்காது, புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், அதனால் எவ்வளவு துளிர்க்கிறதோ அவ்வளவு பூ.

வெட்டின பிறகு மேல்மண்ணை விரலாழம் கிளறி, நன்றாக மக்கின தொழு உரம் இரண்டு கை போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர். பச்சைச் சாணி வேண்டாம். அந்த வேர் அடைத்த தொட்டியை மட்டும் கவிழ்த்து, சுற்றிலும் கால்வாசி வேரைக் கத்தியால் சீவிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். மாசியில் மொட்டு தலை காட்டும், பங்குனியில் உங்களுக்குத் தாம்பாளம் வேண்டியிருக்கும். பிச்சி இருந்தால் அதற்கு மார்கழிக் கடைசிவாக்கில், முல்லைக்குத் தை பாதிக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிடாதீர்கள்.

இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் பங்குனி ஞாபகம் வந்துவிட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.


செம்புறாங்கல் (கோட்டையூர்)

வெட்டின குச்சியைக் குப்பையில் போடாதீர்கள். பென்சில் கனத்தில் இருப்பதாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். பாதியாவது பிழைக்கும். நோட்டு வைக்கும் யோசனை நல்லது. மாதத்துக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு, மாடியின் ஒரே மூலையில் நின்று ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்து வைத்தால் அடுத்த வருஷம் தொட்டியை எப்போது நகர்த்த வேண்டும் என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.


மூன்றாம்கட்டு (கானாடுகாத்தான்)

குச்சி ஊன்றினால் எனக்கு இரண்டு எடுத்து வை தாயி. இங்கே பின்கட்டில் இருந்த மல்லி, போன வருஷம் ஆள் இல்லாமல் போய்விட்டது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி போகும்போது பேரன் வண்டியில் வந்து வாங்கிக்கொள்வான். பதிலுக்கு மோர்மிளகாய் ஒரு டப்பா கொடுத்துவிடுகிறேன்.


மாடிமல்லி (காரைக்குடி)

கட்டாயம் ஆச்சி, நாலாகவே ஊன்றி வைக்கிறேன். தைப்பூசத்துக்குள் வேர் பிடித்திருக்காது, தொட்டியோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கிணத்தடி அண்ணே, டிசம்பர் பூக் குச்சிக்கு எப்போது வரலாம்? ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில் ஒரு கல்யாணம் இருக்கிறது.


கிணத்தடி (தேவகோட்டைப் பக்கம்)

ஞாயிறு காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் நான் கண்மாய்ப் பக்கம் போய்விடுவேன். ஈரத் துணி ஒன்று கொண்டு வாருங்கள், பட்டுச் சேலையில் வந்தால் வாசலிலேயே நில்லுங்கள், நான் ஒடித்துக் கொண்டுவந்து தருகிறேன், உள்ளே ஒரே சேறு.